முதல் கொலையின் கடன்

திகில் படம் என்றால் பெயர் போடுவதற்குள் ஒரு பிணம் விழவேண்டும் என்பது எழுதாத சட்டமாகிவிட்டது. இந்த உத்திக்கு வலு உண்டு. ஆனால் முதல் கொலை பார்வையாளரிடம் வாங்குகிற கடன். பல படங்கள் அதைத் திருப்பித் தருவதே இல்லை.

நம்மிடமே அருமையான முன்னுதாரணம் இருக்கிறது. எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954). படம் தொடங்கியதும் துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி கணேசன் செத்து விழுகிறார். நட்சத்திரத்தை நடுவழியில் கொன்று ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' உலகைத் திடுக்கிட வைத்தது அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்துத்தான். செத்தவர் எப்படிப்பட்ட மனிதர் என்ற கேள்விதான் பாலசந்தருக்கு மிச்சப் படம் முழுவதும். சந்தேகத்துக்கு உள்ளான ஒவ்வொருவர் வாக்குமூலத்திலும் அவர் வேறொரு முகத்தோடு எழுந்து வருகிறார்.

ஸ்பீல்பெர்க்கின் 'ஜாஸ்' (1975) இன்னும் நுட்பமானது. இருட்டில் கடலில் நீந்தும் கிறிஸ்ஸியை ஏதோ இழுக்கிறது. சுறா நம் கண்ணில் படுவதே இல்லை. அந்த மறைப்பை எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது பிறகு நடப்பது. சாவுக்குக் காரணம் சுறா என்று போலீஸ் அதிகாரி பிராடி தட்டச்சு செய்கிறார். கோடைக்கால வியாபாரம் படுத்துவிடும் என்று ஊர்ப் பெரியவர்கள் அதைப் படகு விபத்தாக்குகிறார்கள். கடற்கரை திறந்தே கிடக்கிறது, ஒரு சிறுவன் பலியாகிறான். கிறிஸ்ஸியின் சாவு தெரிந்தும் ஏன் மூடவில்லை என்று கேட்டு அவன் தாய் பிராடியை அறைகிறாள். முதல் காட்சியின் பெண் அந்த அறையில் இருக்கிறாள்.

'கோஸ்ட் ஷிப்' (2002) இதற்கு நேர்மாறு. கப்பல் தளத்தில் ஆடிக்கொண்டிருக்கும் கூட்டத்தை அறுந்த கம்பி ஒரே வீச்சில் துண்டாக்கும் தொடக்கத்தை இன்றும் பேசுகிறார்கள். மீதிக் கதையைக் கேட்டால் விழிக்கிறார்கள். கையிருப்பு அத்தனையும் முதலிலேயே செலவாகிவிட்டது.

வெஸ் கிரேவனின் 'ஸ்க்ரீம்' (1996) சுவரொட்டியில் பெரிதாக இருந்த ட்ரூ பேரிமோரைத் தொடக்கத்திலேயே கொன்றது. தொலைபேசியில் கொலைகாரன் கேட்கும் திகில் பட வினாடிவினாதான் மொத்தப் படத்தின் விளையாட்டு விதி. பின்வந்தவர்கள் விதியை விட்டுவிட்டுப் பிணத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

என் மனத்தை உறுத்துவது இந்த இடம்தான். அந்தப் பிணம் பெரும்பாலும் இளம்பெண்ணுடையது. நம் தொடர் கொலைப் படங்களில் மாணவி ஒருத்தி தனியாக நடந்து வருகிறாள், விளக்கு அணைகிறது, அவ்வளவுதான். அடுத்து அவள் போலீஸ் கோப்பில் ஒரு புகைப்படம். பயத்தை மூட்ட ஓர் உயிரைத் தீக்குச்சியாக்கிய பிறகு அவளை நினைக்கப் படத்தில் ஆளில்லை.

இயக்குநர்களிடம் கேட்பது இதுதான்: முதல் காட்சியில் கொல்லப்படுகிற பெண்ணுக்கு ஒரு பெயர் வையுங்கள். அவளுக்காகக் கேள்வி கேட்க ஒருவரையாவது கடைசி ரீல் வரை படத்தில் வைத்திருங்கள்.