கட்டியக்காரனின் கணக்கு

நமது கூத்துகளில் கட்டியக்காரன் முதலில் வருவான். அரசன் வருகிறான், மந்திரி வருகிறான் என்று வரிசை குலையாமல் அறிவிப்பான். இங்கிலாந்திலும் கட்டியக்காரர்கள் உண்டு. லண்டனில் புனித பவுல் பேராலயத்துக்குப் பக்கத்தில் அவர்களுக்கென்றே ஒரு கல்லூரி இருக்கிறது. யாருக்குக் குலச்சின்னம் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு, யார் கனவான், யார் அல்லன் என்று பதிவதே அவர்களது தொழிலாக இருந்தது. நாட்டு மக்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்து, ஒவ்வொரு வகுப்பின் வருமானத்தையும் செலவையும் ஒரே அட்டவணையில் கொண்டுவந்த முன்னோடி, இந்தக் கல்லூரியைச் சேர்ந்த ஒரு கட்டியக்காரர். பெயர் கிறெகரி கிங் (1648-1712).

பொருளியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்த நமக்கு, விளைச்சல் குறைந்தால் தானிய விலை எவ்வளவு ஏறும் என்று சொல்லும் 'கிங்கின் விதி' என்ற அளவில்தான் இவரைத் தெரிந்திருந்தது. உணவகத்தில் நமக்குத் திங்கட்கிழமை லீவு. சில திங்கட்கிழமைகளை நூலகத்தில் செலவிட்டு, அவர் 1696இல் எழுதிய 'இங்கிலாந்தின் நிலை குறித்த இயற்கை, அரசியல் அவதானங்களும் முடிவுகளும்' என்ற நூலைப் படித்தோம். மதிக்க வேண்டிய நூல்தான். ஆனால் அதனோடு நமக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

முதலில் மதிப்பைச் சொல்லிவிடுவோம். லிச்பீல்டில் பிறந்த கிங், 14 வயதில் வில்லியம் டக்டேல் என்ற கட்டியக்காரரிடம் எழுத்தராகச் சேர்ந்து, அவரோடு மாவட்டம் மாவட்டமாக அலைந்து குடும்ப வரலாறுகளைப் பதிந்தவர். குடிசனமதிப்பு என்ற ஒன்று இல்லாத காலம் அது. இங்கிலாந்தில் முதலாவது மதிப்பு 1801இல்தான் நடந்தது. கிங்கின் கைக்கு எட்டியவை வரிக் கணக்குகளே. வீட்டிலுள்ள அடுப்புகளை எண்ணி அறவிட்ட அடுப்புவரி 1689இல் ஒழிக்கப்பட்டது. அதன் ஏடுகள் மிஞ்சின. 1695 முதல் பிறப்பு, திருமணம், அடக்கம் மூன்றுக்கும் வரி வந்தது. அடுப்பிலிருந்து வீட்டை எண்ணி, வீட்டிலிருந்து ஆளை எண்ணினார். லண்டன் மதிலுக்குள் வீட்டுக்கு 5.4 பேர், கிராமத்தில் 4 பேர் என்று இடத்துக்கு இடம் வேறுபடுத்தினார். கிடைத்த விடை 55 லட்சம். பிற்கால ஆய்வாளர்கள் பங்குப் பதிவேடுகளைக் கொண்டு கண்ட தொகை இதிலிருந்து அதிகம் விலகவில்லை.

இனி வழக்கு. 1688ஆம் ஆண்டுக்கென அவர் போட்ட அட்டவணையின் முதல் வரியில் 160 பிரபுக் குடும்பங்கள். பிறகு ஆயர்கள், கனவான்கள், வணிகர், சட்டத்தரணிகள், விவசாயிகள், கடைக்காரர், கைவினைஞர் என்று இறங்குகிறது. பிறகு ஒரு கோடு. கோட்டுக்கு மேலே 'நாட்டின் செல்வத்தைப் பெருக்குவோர்', 26,75,520 பேர். கீழே 'நாட்டின் செல்வத்தைக் குறைப்போர்', 28,25,000 பேர். அதாவது நாட்டில் பாதிக்கு மேல்.

குறைப்போர் யார்? மாலுமிகள், கூலி உழைப்பாளர், குடிசைவாசிகள், வறியோர், படைவீரர், அலைந்து திரிவோர். கூலி உழைப்பாளிக்கு ஆண்டு வருமானம் தலைக்கு 4 பவுண் 10 சிலிங், செலவு 4 பவுண் 12 சிலிங் என்கிறார் கிங். ஆண்டுக்கு 2 சிலிங் துண்டு விழுவதால் 12,75,000 பேர் கோட்டுக்குக் கீழே போய்விடுகிறார்கள்.

இன்னொன்றைக் கவனித்தோம். பிரபுவின் குடும்பத்தில் 40 பேர் என்று இருக்கிறது. ஒருவருக்கு 40 பிள்ளைகளா? இல்லை. வீட்டோடு தங்கியிருக்கும் வேலைக்காரர்களும் இந்தக் கணக்கில் பிரபுவின் குடும்பம்தான். அந்த 40 பேருக்கும் தலைக்கு ஆண்டுக்கு 10 பவுண் மிச்சம். ஆக, பிரபுவின் குசினியில் கோப்பை கழுவுபவன் செல்வத்தைப் பெருக்குபவன். அதே பிரபுவின் வயலில் அறுவடை செய்துவிட்டுத் தன் குடிசைக்குத் திரும்புபவன் செல்வத்தைக் குறைப்பவன். கடற்படை அதிகாரி பெருக்குகிறான், அவனுடைய கப்பலை ஓட்டும் மாலுமி குறைக்கிறான். இங்கே அளக்கப்படுவது உழைப்பு அல்ல, யாருடைய பெயரின் கீழ் ஒருவன் பதியப்படுகிறான் என்பதே. கட்டியக்காரன் தன் பழைய தொழிலை இலக்கங்களில் தொடர்ந்திருக்கிறான்.

கிங்குக்காக வாதாடுவோர் சொல்வதிலும் நியாயம் உண்டு. வருமானத்தைவிடச் செலவு கூடினால் குறைவு என்றார், அவ்வளவுதான். ஏழைகளை அவர் பழிக்கவில்லை. பிரான்சோடு நடந்த யுத்தத்தின் செலவை நாடு எவ்வளவு காலம் தாங்கும் என்பதே அவருடைய கவலை. ஜெப்ரி ஹோம்ஸ் 1977இல் எழுதிய கட்டுரையில், அந்தக் கவலையே மேல்தட்டினரின் வருமானத்தைக் குறைத்து மதிக்க வைத்தது என்று காட்டினார். சரி. ஆனால் உழைப்பாளியின் கூலி ஏன் அவனுடைய சோற்றுக்குப் போதவில்லை, அவன் விளைவித்தது எந்த வரியில் வருமானமாகப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்வி அட்டவணையில் எங்கும் இல்லை.

அந்தக் கோடு கிங்கின் கண்ணையும் மறைத்தது. இங்கிலாந்தின் சனத்தொகை 1 கோடி 10 லட்சமாவது 2300ஆம் ஆண்டளவில்தான் என்று எழுதினார். 1821இலேயே இங்கிலாந்திலும் வேல்சிலும் 1 கோடி 20 லட்சம் பேர் எண்ணப்பட்டார்கள். சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் போய் அந்த நாட்டின் செல்வத்தைப் பெருக்கியவர்கள், பெரும்பாலும் கோட்டுக்குக் கீழே இருந்தவர்களின் சந்ததியே.

நாம் ஏன் இதில் இவ்வளவு சினக்கிறோம்? இங்கு வந்த முதல் வருடங்களில் நமக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. கிழமைக்குக் கிழமை கிடைத்த உதவிப்பணம் அரசாங்கத்தின் செலவுக் கணக்கில் ஒழுங்காக ஏறியது. இரவில் பின்வாசலால் போய்க் கழுவிய கோப்பைகள் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. முதலாளி அப்போதே பெருக்குவோர் பக்கத்தில் இருந்தார். இன்றும் தேர்தல் வந்தால் அகதியால் ஆகும் செலவு இவ்வளவு என்று அட்டவணை காட்டுகிறார்கள். கோடு எங்கே போடப்பட்டது, யார் போட்டது என்று யாரும் கேட்பதில்லை.

வெள்ளைக்காரனை மட்டும் சொல்லிப் பயனில்லை. நமது கலியாண மண்டபங்களில், "தம்பி, ஊரில எவடம்?" என்று தொடங்கி, கோயிலையும் குறிச்சியையும் விசாரித்து, எந்தச் சாதி என்று முடிவுகட்டிய பிறகே கதிரையைக் காட்டும் பெரியவர்களும் கட்டியக்காரர்தான். கிங்காவது கோட்டுக்குக் கீழே இருந்தவர்களையும் எண்ணினார்.

கிங் தன் நூலை அச்சிடவில்லை. அவருடைய கணக்குகளிற் சிலவற்றைச் சார்ள்ஸ் டாவனன்ற் தன் நூல்களில் வெளியிட்டார். முழுவதையும் ஜோர்ஜ் சாமர்ஸ் அச்சிட்டபோது நூறு வருடம் கடந்திருந்தது. அட்டவணை ஒரு பக்கம்தான். யாராவது அதைத் தமிழில் தந்தால் நல்லது. படிக்கும்போது கோட்டுக்குக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும்.