எழுத்தும் வெற்றிடமும்: எமில் ரூடரின் நூல் பற்றி

வரைகலை பயிலப் பல்கலைக் கழகம் புகும் மாணவர்க்கு ஆசிரியர்கள் வழக்கமாகப் பரிந்துரைக்கும் நூல்கள் சில உள. அவற்றுள் ஒன்று எமில் ரூடர் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டவர் எழுதிய 'டைப்போகிராஃபி'. அச்செழுத்தை அமைக்கும் கலை என்பது அப்பெயரின் பொருள். 1967-ஆம் ஆண்டில் ஆர்தர் நிக்லி பதிப்பகத்தார் வெளியிட்ட இந்நூலில் செருமன், ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய மும்மொழிகளும் ஒரே பக்கத்தில் அருகருகே ஓடுகின்றன. இத்தகைய நூலால் தமிழாசிரியர்க்கு ஆவதென்ன என்று அன்பர்கள் கேட்கலாம். நாம் கற்பிக்கும் பாடநூலையும், நம் மாணவர் படைக்கும் ஆண்டு மலரையும், நம் விழாக்களின் சுவரொட்டியையும் இன்று வடிவமைப்பவர்கள் இந்நூலின் வழியில் பயின்றவர்களே. அவர்கள் எதைக் கற்றார்கள், எதைக் கற்கவில்லை என்பதை நாம் அறிந்திருப்பது நன்று.

ரூடர் 1914-இல் சூரிக் நகரில் பிறந்தவர். அச்சுக் கோப்பவராகத் தொழில் பழகியவர். 1942 முதல் பாசெல் நகரத்துத் தொழிற்பள்ளியில் அச்சுக்கலை ஆசிரியராக இருந்தார், 1970-இல் மறைந்தார். அவர் பணியாற்றியது பல்கலைக் கழகம் அன்று என்பதை ஈண்டு நினைவிற் கொள்ள வேண்டும். ஈயத்தையும் மையையும் கையாளும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிய இடம் அது. அவருடன் அங்கே கற்பித்த ஆர்மின் ஹோஃப்மன் அமெரிக்காவின் யேல் பல்கலைக் கழகத்திலும் சென்று கற்பித்தார். 1968-இல் பாசெல் பள்ளியில் வரைகலைக்கென மேல்நிலை வகுப்பு ஒன்று தொடங்கப்பெற்றது. பிற நாட்டு மாணவர்கள் அதனை நாடி வந்தனர். இவ்வாறு ஒரு தொழிற்கூடத்தின் பழக்கங்கள் உலகெங்கும் பல்கலைக் கழகப் பாடமாக மாறின. தொழிற்கூடத்தில் ஆசிரியர் அருகில் நின்று, இது இங்கே பொருந்தும், அங்கே பொருந்தாது என்று சொல்லுவார். நூலாகிப் பல்கலைக் கழகம் ஏறியபின் அதுவே விதியாக நின்றுவிடுகிறது. இந்நூலைப் பற்றிய என் குறைகளிற் பாதி ரூடரைச் சேர்ந்தவை அல்ல. அவரை அப்படியே மனப்பாடம் செய்தவர்களைச் சேர்ந்தவை.

நூலின் தொடக்கத்திலேயே அவர் தம் கொள்கையைத் தெளிவாக உரைத்து விடுகிறார். அச்சின் கடமை செய்தியை எழுத்தின் வாயிலாகச் சேர்ப்பது. படிக்க முடியாத அச்சு பயனற்ற பொருள் என்பது அவர் முடிபு. நூலில் அழகு பேசப்படாமல் இல்லை. ஆனால் அது எப்போதும் பயனுக்குப் பின்னால் வருகிறது. இது நம்மவர் எவர்க்கும் உடன்பாடாகவே இருக்கும்.

நூலின் சிறந்த பகுதி, என் கருத்தில், வடிவத்தையும் அதன் எதிர்வடிவத்தையும் பற்றிய இயலாகும். எழுத்து என்பது கருப்புக் கோடு மட்டும் அன்று. அக்கோடு வளைத்துக் கொண்ட வெண்மையும் எழுத்தே என்கிறார் ரூடர். இக்கருத்துக்கு அவர் கீழை நாட்டு மெய்ப்பொருளாரைத் துணைக்கு அழைக்கிறார். குடத்தின் பயன் அதன் மண்ணில் இல்லை, உள்ளே இருக்கும் வெற்றிடத்தில் இருக்கிறது என்னும் சீன நாட்டு லாவோட்சுவின் உவமை அங்கே வருகிறது. பின்னர் ஓர் எழுத்தை எடுத்து அதன் உள்வெளி, பக்கத்து எழுத்துக்கும் அதற்கும் இடையே விழும் வெளி, வரிக்கும் வரிக்கும் இடைப்பட்ட வெளி என்று படிப்படியாக விரித்துச் செல்கிறார். படங்களே பெரும்பாலும் பேசுகின்றன; உரை சிறிது.

இதனை வாசிக்கும்போது எனக்கு நம் தொடக்கப் பள்ளி வகுப்பறை நினைவுக்கு வந்தது. நாம் 'மூன்று சுழி ண', 'இரண்டு சுழி ன' என்று சொல்லிக் கொடுக்கிறோம் அல்லவா? சுழி என்பது கோடு தன்னைத் தானே சுற்றி உள்ளே ஒரு வெண்மையைப் பிடித்து வைத்துக் கொள்ளும் இடம். அந்த வெண்மையை எண்ணித்தான் குழந்தை ஓரெழுத்தை மற்றோர் எழுத்திலிருந்து பிரித்தறிகிறது. ரூடர் பக்கம் பக்கமாக விளக்குவதை நம் அரிச்சுவடி ஆசிரியர் பெயரிலேயே வைத்து விட்டார். ஆயினும் நம் வடிவமைப்பாளர்கள் இதனை உணர்ந்ததாகத் தெரியவில்லை. தலைப்புக்குக் கனமான எழுத்து வேண்டும் என்று கோட்டைத் தடிக்கச் செய்கிறார்கள். கோடு தடித்ததும் ணகரத்தின் சுழிகள் மையால் அடைபட்டுப் போகின்றன. மூன்று இரண்டாகத் தோன்றுகிறது. இலத்தீன் எழுத்தில் கனம் ஏறினால் எழுத்தின் தோற்றம் மாறும். தமிழில் கனம் அளவு மீறினால் எழுத்தே மாறிவிடும்.

புள்ளியும் அப்படியே. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்தது. ஓலையில் எழுதியவர் பலர் அதனை இடாமலே விட்டனர். அதனால் ஏடு பார்த்துப் பதிப்பித்தோர் பட்ட இடர் நாம் அறிந்ததே. அச்சு வந்த பின்னரே புள்ளி எங்கும் நிலைபெற்றது. இன்றோ வரிகளை நெருக்கி அடுக்குவது நாகரிகம் என்று கருதும் சுவரொட்டிகளில் மேல்வரியின் உகரக் கால், கீழ்வரியின் புள்ளி மேல் ஏறி அதனை விழுங்குகிறது. வரிகளுக்கிடையே வெளி குறைந்தால் வாசிப்பு கெடும் என்று ரூடர் எச்சரிப்பது உண்மையே. தமிழுக்கு அந்த வெளி அவர் காட்டும் அளவினும் மிகுதியாக வேண்டும் என்பதை அவர் நூலிலிருந்து அறிய வழியில்லை. அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

இனி நான் உடன்படாத இடத்துக்கு வருகிறேன். ஒரு வரியில் 50 முதல் 60 எழுத்துகள் இருந்தால் எளிதாகப் படிக்கலாம் என்கிறார் ரூடர். மாணவர்கள் இதனை வேதவாக்காகக் கொள்கின்றனர். தமிழில் இதனை எவ்வாறு எண்ணுவது? 'படித்துக்கொண்டிருந்தார்கள்' என்னும் சொல்லை எடுத்துக் கொள்வோம். இலக்கணப்படி அதில் 14 எழுத்துகள். ஆனால் 'கொ' என்பதில் கொம்பு, ககரம், கால் என மூன்று உருவங்கள். 'தா' என்பதில் இரண்டு. ஈய எழுத்துக் கோத்தவர் கையில் அச்சொல் 17 துண்டுகளாக இருந்திருக்கும். இலக்கணக் கணக்கில் 60 எழுத்துக்குள் இத்தகைய சொற்கள் நான்கு அடங்கும். அச்சுக் கணக்கில் மூன்றே. வினையையும் காலத்தையும் பாலையும் ஒரே சொல்லில் சேர்த்துக் கட்டும் மொழி நம்முடையது. கண் ஒரு தாவலில் பற்றும் பொருள் இங்கே வேறு அளவில் வருகிறது. ஆகவே ரூடரின் எண்ணைத் தமிழுக்குக் கொண்டு வருவது எளிதன்று. என் கணிப்பில், எழுத்தை எண்ணுவதை விட்டு வரிக்கு ஏழெட்டுச் சொல் என்று கொள்வதே தக்கது. வேறு கணக்குச் சொல்வார் உளராயின் கேட்க விருப்பமே.

வரியின் முடிவிலும் ஒரு சிக்கல் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளி மலரின் மெய்ப்பைத் திருத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. வடிவமைத்த இளைஞர் பட்டம் பெற்றவர். நல்ல கலைக் கண் உடையவர். பக்கம் பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் பல வரிகள் 'ந்', 'க்', 'ள்' என மெய்யெழுத்தில் தொடங்கின. புள்ளியெழுத்து வரித் தலையில் வரலாகாது என்று சொன்னேன். அவர் வியப்புடன், இப்படி ஒரு விதி இருப்பதாக யாரும் தமக்குச் சொன்னதில்லை என்றார். அவர் மீது எனக்குச் சினம் வரவில்லை. நான்கு ஆண்டுப் படிப்பில் அவருக்கு இலத்தீன் எழுத்தின் நுட்பங்கள் எல்லாம் சொல்லித் தரப்பட்டன. தாய்மொழியின் இந்தச் சிறு வழக்கைச் சொல்ல ஆள் இல்லை. வரிகளின் வலப்புற ஓரத்தைச் சமன் செய்யாமல் விடும் சுவிஸ் முறை நம் நீண்ட சொற்களுக்கு மிகவும் ஏற்றது. சொற்களிடையே பெரும் பொத்தல்கள் விழாமல் காக்கும். அதை அவர் கற்றிருந்தார். கற்றும், ஓரம் ஒழுங்காக இருந்தால்தான் பெற்றோர் ஏற்பர் என்று அஞ்சி விட்டுவிட்டாராம்!

கருவிக்கேற்ப வடிவம் மாறும் என்பதும் ரூடர் வற்புறுத்தும் கருத்து. தமிழச்சின் வரலாறு இதற்கு நல்ல சான்றாகும். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. தரங்கம்பாடியில் 1715-இல் புதிய ஏற்பாடு முற்றுப் பெற்றது. செருமனியின் ஹாலே நகரிலிருந்து வந்த எழுத்துகள் பெரியனவாக இருந்தமையால், தாளை மிச்சப்படுத்தச் சிறிய எழுத்துகளை அங்கேயே வார்த்துக் கொண்டனர். 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையிட்டபோது 'லை', 'ளை', 'ணை', 'னை' ஆகியவை துதிக்கை வடிவை இழந்து ஐகாரக் குறியைப் பெற்றன. பெரியார் 1935-இலேயே முன்வைத்த கருத்து அது. அச்சுக் கோப்பவர்க்கும் தட்டச்சருக்கும் சுமை குறைந்தது. சொல்லின் நீளமோ சற்றுக் கூடியது. 'நிலை' என்னும் சிறு சொல்லே பழைய அச்சில் ஒடுங்கி இருந்ததைப் பழம் புத்தகங்களில் காணலாம்.

ரூடர் தம் பயிற்சிகளுக்குப் பெரிதும் நம்பியது 'யுனிவர்ஸ்' என்னும் எழுத்துக் குடும்பத்தை. அட்ரியன் ஃப்ருட்டிகர் வரைந்து 1957-இல் வெளிவந்த அது மெலிவு முதல் கனம் வரை, ஒடுக்கம் முதல் அகலம் வரை 21 வகைகளை உடையது. ஒவ்வொன்றுக்கும் எண்ணே பெயர். அதில் பெரிய எழுத்துகள் சிறியவற்றிலிருந்து மிகுதியாக விம்மி நிற்பதில்லை. எனவே பெயர்ச்சொல் தோறும் பெரிய எழுத்து இடும் செருமன் மொழியிலும் பக்கம் ஒரே சாயலாக அமைகிறது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே இல்லாத தமிழுக்கு அந்தச் சமன் இயல்பாகவே வாய்த்திருக்கிறது. அதே காரணத்தால், ரூடர் தம் மாறுபாட்டு இயலில் பயன்படுத்தும் கருவிகளிற் சில நமக்குக் கிடையா. சாய்வெழுத்தும் அவ்வாறே. தமிழில் சாய்வு என்பது நேரெழுத்தைத் தள்ளி விட்டதே அன்றித் தனியே பிறந்த வடிவம் அன்று.

அவர் பள்ளியிலேயே அவரை மறுத்தவர் உண்டு. செருமனியில் அச்சுக் கோப்பவராகப் பழகி, 1964-இல் பாசெல் வந்த வோல்ஃப்காங் வைங்கார்ட், ரூடரின் நேர்கோட்டு ஒழுங்கை உடைத்துக் காட்டினார். 1968-இல் அவரை அப்பள்ளி ஆசிரியராகவே ஏற்றுக் கொண்டது. அவ்வளவு இடம் கொடுத்தவர்களின் நூலை இன்று விதித் தொகுப்பாகப் படிப்பது அந்த நூலுக்கே இழைக்கும் தீங்கு.

வரைகலை கற்பிக்கும் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ரூடரின் எதிர்வடிவப் பயிற்சியை அப்படியே வைத்துக் கொள்ளுங்கள். எழுத்தை மட்டும் மாற்றுங்கள். 'அண்ணன்' என்னும் ஒரு சொல் போதும். மூன்று சுழியும் இரண்டு சுழியும் புள்ளியும் அதிலேயே இருக்கின்றன. மெலிந்த எழுத்திலிருந்து கனத்த எழுத்து வரை ஐந்து நிலைகளில் மாணவர் அதனை வரைந்து சுவரில் ஒட்டட்டும். பிறகு பக்கத்துத் தமிழ்ப் பள்ளியின் முதலாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை அழைத்து வந்து, சற்றுத் தள்ளி நிறுத்தி, எந்தத் தாளில் ணகரம் னகரம் ஆகிறது என்று கேட்டால், அது விரல் நீட்டிக் காட்டி விடும்.