இழைப்புளிக்கு வயது சொல்வதில் ஒரு சிக்கல்

அரூரில் பழைய இரும்புக்கடையில் எடைக்குப் போகவிருந்த ஒரு இரும்பு இழைப்புளியைப் போன வருஷம் வாங்கினேன். பிளேடைக் கழற்றித் துடைத்ததும் இதய வடிவத்துக்குள் 'எஸ்.டபிள்யூ.' முத்திரை தெரிந்தது. அமெரிக்காவின் ஸ்டான்லி நிறுவனம் 1920 முதல் 1935 வரை போட்ட முத்திரை அது. "கிட்டத்தட்ட நூறு வருஷப் பழசு" என்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன்.

மறுநாள் உடம்பில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டினால், வார்ப்பிலேயே 'மேட் இன் இங்கிலாந்து'. ஸ்டான்லி இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இழைப்புளி செய்ய ஆரம்பித்ததே 1930-களின் பிற்பகுதியில்தான். பிளேடுக்கு ஒரு வயசு, உடம்புக்கு ஒரு வயசு!

இந்த மாதிரி இழைப்புளிகளுக்கு வயது பார்க்க எல்லோரும் எடுப்பது ரோஜர் கே. ஸ்மித்தின் வகை அட்டவணை. உழைத்துச் செய்த வேலை, சந்தேகமில்லை. உடம்பில் மூன்று காப்புரிமைத் தேதிகள் இருந்து, கடைசித் தேதி 1910 ஏப்ரல் 19 என்றால் அது 'டைப் 11'. 1910-க்கும் 1918-க்கும் நடுவில் செய்தது. இப்படி ஒவ்வொரு வகைக்கும் அடையாளம் சொல்கிறது.

அதைப் பயன்படுத்தும் விதத்தில்தான் எனக்குக் குறை. 'டைப்' எண்கள் ஸ்டான்லி வைத்தவை அல்ல. பின்னால் வந்த ஆய்வாளர்கள் வைத்தவை. நம்ம சாஃப்ட்வேர் வெர்ஷன் நம்பர் மாதிரி நினைத்தால் ஏமாந்துபோவோம். தொழிற்சாலையில் மிச்சமிருந்த பழைய பாகத்தைப் புது உடம்பில் மாட்டி அனுப்பியதும் உண்டு. காப்புரிமைத் தேதி, 'இதற்கு முன்னால் செய்திருக்க முடியாது' என்று மட்டும்தான் சொல்லும். அதோடு அட்டவணை அமெரிக்கத் தயாரிப்புக்கானது; ஷெஃபீல்டு இழைப்புளியை அதில் பொருத்திப் பார்ப்பதே தப்பு.

இன்னொன்று: பாகம் மாறியிருந்தால் சேகரிப்பாளர்கள் விலையைக் குறைத்துவிடுவார்கள். என்னுடையதில் பின் கைப்பிடி கம்பெனியுடையது இல்லை. யாரோ ஒரு ஆசாரி கையால் செதுக்கிப் போட்டது. பார்த்தால் வேம்பு மாதிரி இருக்கிறது. சேகரிப்பாளருக்கு அது குறை. எனக்கோ இந்த இழைப்புளி நம்ம பக்கத்தில் உழைத்ததற்கு இருக்கும் ஒரே சாட்சி அது.

அந்தச் சாட்சியை நானே பாதி அழித்துவிட்டேன். வீடியோக்களில் காட்டுகிற மாதிரி பளபளப்பாக்கும் ஆசையில் கைப்பிடியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பக்கவாட்டில் ஏதோ இரண்டு எழுத்து கீறியிருந்தது. தேய்த்து முடித்த பிறகுதான் உறைத்தது. ஆசாரியின் பெயரெழுத்தாக இருக்கலாம். போட்டோகூட எடுக்கவில்லை.

உண்மையில் இழைப்புளி வேலை செய்ய அந்தத் தேய்ப்பே தேவையில்லை. துருவை எடுத்து, அடிப்பாகம் முன் முனை, வாய், பின் முனை ஆகிய இடங்களில் ஒரே மட்டமாக இருக்கிறதா என்று பார்த்து, பிளேடைத் தீட்டி, மேல் தகடு பிளேடோடு இடைவெளியில்லாமல் உட்காரும்படி செய்தால் போதும். இடைவெளி இருந்தால் சீவல் அதில் சிக்கிக்கொள்ளும். என்னுடையது இப்போது தேக்கில் மெல்லிசாகச் சீவுகிறது. பிளேடை மாற்றப்போவதில்லை, அந்த ஜோடியைச் சேர்த்தவர் காரணத்தோடுதான் சேர்த்திருப்பார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தாவின் இழைப்புளி இருக்கலாம். தண்ணீரோ வினிகரோ படுவதற்கு முன்னால், எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள். கைப்பிடியை முதலில்.