வாங்காத கடன்

போலந்து இயக்குநர் கிஷிஷ்டோஃப் க்ராவுஸேயின் ‘த்வுக்’ 1999இல் வெளிவந்த படம். தலைப்பின் பொருள் ‘கடன்’. ஆனால் கதையை இழுத்துச் செல்லும் கடனை யாரும் கொடுக்கவுமில்லை, வாங்கவுமில்லை. அது பேச்சில் பிறந்து பேச்சிலேயே வட்டியும் குட்டியுமாகப் பெருகுகிறது.

வார்சா நகரத்து நண்பர்கள் ஆதாமும் ஸ்டெஃபானும் இத்தாலிய ஸ்கூட்டர்களை வரவழைத்து விற்க நினைக்கிறார்கள். 1989இல் கம்யூனிச ஆட்சி முடிந்து, தொழில் ஆசை பெருகியிருந்த காலம். கைமுதல் இல்லை, வங்கியோ ஜாமீன் கேட்கிறது. அப்போதுதான் ஸ்டெஃபானுக்கு முன்பே தெரிந்த கெரார்ட் உதவ முன்வருகிறான். ஒத்துவராது என்று நண்பர்கள் விலகியதும், தான் பட்ட சிரமத்துக்குக் கணக்கு நீட்டுகிறான். கந்துவட்டிக்காரனாவது முதலில் பணத்தை எண்ணிக் கொடுத்திருப்பான்.

கெரார்டாக வரும் ஆன்ஜே ஹிராவின் நடிப்புதான் படத்தின் உயிர். ரவுடிக்குரிய உறுமலோ முறைப்போ அவரிடம் இல்லை. பாக்கி வசூலிக்க வந்த வியாபாரியின் நிதானத்தோடு, தன் பக்கமே நியாயம் என்ற தொனியில் பேசுகிறார். அதே நிதானத்தோடு அடிக்கிறார். அடுத்த கணம் எது வரும் என்று ஊகிக்க முடியாததால், அவர் சும்மா உட்கார்ந்திருக்கும் காட்சிகளில்தான் பார்ப்பவருக்கு மூச்சு முட்டுகிறது. ஆதாமாக ராபர்ட் கொனெராவும் ஸ்டெஃபானாக யாட்செக் போர்ட்சுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூனிக் குறுகுவது இதற்குச் சரியான எதிர்ப்பாட்டு. ஆதாமின் காதலி பாத்திரத்துக்கு மட்டும் திரைக்கதை போதிய இடம் தரவில்லை.

1992இல் இயக்குநர் பசிகோவ்ஸ்கி எடுத்த ‘ப்ஸி’, பழைய ரகசியப் போலீஸ்காரனையே முரட்டு நாயகனாக்கிப் போலந்துக் குற்றப் படங்களுக்கு ஒரு மிடுக்கைத் தந்திருந்தது. ஆவணப்படங்களும் எடுத்துப் பழகிய க்ராவுஸே அந்த மிடுக்கை ஒதுக்கினார். சாம்பல் பூத்த நகரம், சாதாரண வீடுகள், நடுங்கும் கேமரா, ஜாஸ் வயலின் கலைஞர் மிஹாவ் ஊர்பானியாக்கின் அடக்கமான இசை. ஆற்றில் பிணங்கள் அகப்படுவதில் படம் தொடங்குவதால் முடிவு ஒளிக்கப்படவில்லை. எப்படி நேர்ந்தது என்பது மட்டுமே மிச்சம். கெரார்டும் அவனுடைய அடியாளும் கொல்லப்படும் காட்சியில் பழிதீர்த்த திருப்தி துளியும் இல்லை. ரஷ்ய மாஃபியாவின் வேலை என்று போலீஸ் நம்பட்டும் என்று தலைகளைத் துண்டிக்கும் நண்பர்கள் அருவருப்பையும் பரிதாபத்தையும் ஒருசேர எழுப்புகிறார்கள். இயக்குநர் அவர்களை விடுவிக்கவுமில்லை, கைகழுவவுமில்லை.

‘த்வுக்’ வந்த அதே ஆண்டு இயக்குநர் வைதாவின் ‘பான் ததேயுஷ்’ போன்ற பிரம்மாண்ட இலக்கியப் படங்கள் அரங்குகளை நிறைத்தன. க்டினியா திரைப்பட விழாவின் ‘பொற்சிங்கம்’ விருதோ இந்தச் சிறிய படத்துக்குப் போனது.

கதை 1990களில் வார்சாவில் உண்மையாக நடந்தது. குற்றவாளிகள் இருவருக்கு 25 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டிருந்தது. படம் வந்தபின் தண்டனையின் நியாயம் பற்றி நாடே விவாதித்தது. 2005இல் அதிபர் க்வாஷ்னியெவ்ஸ்கி ஒருவருக்கும், 2010இல் அதிபர் கொமொரோவ்ஸ்கி மற்றவருக்கும் மன்னிப்பு வழங்கினர்.