கறியில் ஒளிந்த அபின், கூழில் தெரியும் கைப்பு

துப்பறியும் கதைக்காரர்களுக்கு உறைப்பான கறி ஒரு நல்ல மறைவிடம். கோனன் டொயில் 1892இல் எழுதிய 'சில்வர் பிளேஸ்' கதையில் குதிரை லாயத்தைக் காவல் காக்கும் பையனுக்கு அபின் கலந்து கொடுத்து உறங்க வைக்கிறார்கள். அன்றிரவு ஆட்டிறைச்சிக் கறி. அபின் தூளுக்கென்று ஒரு சுவை உண்டு. வேறு சாப்பாடென்றால் பையன் ஒரு வாயோடு நிறுத்தியிருப்பான், கறி அதை மூடிவிட்டது என்கிறார் ஷெர்லக் ஹோம்ஸ். ஆங்கில நாக்குக்கு இது சரியாக இருக்கலாம். ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ ஒடியற்கூழ் குடித்து வளர்ந்த நாக்கிடம் இந்த வித்தை பலிக்காது என்பதே என் கட்சி.

பச்சைப் பனங்கிழங்கைக் கிழித்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். (அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், அது சும்மா கடித்துத் தின்ன.) அவிக்காமல் காய்ந்ததால் ஒடியல் மாவில் ஒரு கைப்பு தங்கிவிடும். ஆகவே கூழ் காய்ச்சுகிறவர் முதலில் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மா அடியில் படிந்ததும் மேல்நீரை மெல்லச் சரித்து வடிப்பார். மறுபடி நீர் விட்டு மறுபடி வடிப்பார். கைப்பு அடங்க வேண்டும், அடியோடு போய்விடவும் கூடாது. அந்த மெல்லிய கைப்பில்லாத கூழுக்கு என்ன ருசி? இப்படிக் கைப்பை அளந்தே பழகிய நாக்குக்கு, அபினின் கைப்பு கூடுதலாக வந்து சேர்ந்தால் தெரியாமல் போகுமா? உறைப்பு அதை அமுக்கிவிடாதா என்று கேட்கலாம். கூழின் உறைப்பு அரைத்த செத்தல் மிளகாயிலிருந்து வருவது, புளிப்பு பழப்புளியிலிருந்து. மழுப்புவதற்குத் தேங்காய்ப்பாலும் இல்லை, வறுத்த தூளும் இல்லை. அதனால்தான் அவ்வளவு காரத்திலும் நண்டின் இனிப்பு வேறாக, திருக்கையின் வாடை வேறாக, பலாக்கொட்டையின் மாச்சுவை வேறாக நிற்கின்றன. மீன் விலக்கிக் காய்ச்சும் சைவக்கூழில் எல்லாம் இன்னும் வெளிப்படை.

சுவையே இல்லாத நஞ்சு என்றால்? ஆர்செனிக்கை எந்த நாக்கும் பிடிக்காது. இந்த மறுப்பு வலுவானது. ஆனால் அங்கே கறியின் காரத்துக்கும் வேலை இல்லாமல் போகிறது. டொரதி சேயர்ஸ் 1930இல் எழுதிய 'ஸ்ட்ரோங் பொய்சன்' நாவலில் விசாரணை சுற்றிவருவது சாதுவான ஒரு முட்டைப் பொரியலை. யார் எதைத் தின்றார், யாரோடு பங்கிட்டார் என்பதே அங்கே கேள்வி. டொயிலும் உண்மையில் இந்த இடத்தில்தான் வெல்கிறார். அதே கறியைத் தின்ற மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே அபின் விழுந்தது பையனின் தட்டில் மட்டும். அன்றைக்குக் கறி என்று தீர்மானிக்க வெளியாளால் முடியாது. ஆகவே குற்றவாளி வீட்டுக்குள். தீவகத்தாருக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும்: பானை ஒன்று, பனையோலைப் பிளா ஆளுக்கொன்று.

இருந்தும் ஹோம்ஸ் கதைகளில் என்னை மிகவும் கவர்ந்த சமையலறைத் தடயம் கறி அல்ல. 1904இல் வந்த 'ஆறு நெப்போலியன்கள்' கதையில் ஒரே வரியில் வந்து போகும் விஷயம் அது: வெக்கையான நாளில் வெண்ணெய்க்குள் ஒரு கீரைத்தழை எவ்வளவு ஆழம் புதைந்தது என்பது. உணவு அங்கே எதையும் மறைக்கவில்லை, மணி சொல்கிறது. தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடித்த அளவுக்கு நம் துப்பறிவாளர் எவரும் பானையைத் திறந்து பார்த்ததில்லை, பெரிய நட்டம். கூழ்ப்பானையில் ஒவ்வொன்றுக்கும் முறை உண்டு. அரிசி, பலாக்கொட்டை, பயற்றங்காய் முதலில். மீனும் நண்டும் இறாலும் பிறகு. கரைத்த மா கடைசியில். பலாக்கொட்டை கடுக்கென்றால் அவசரத்தில் காய்ச்சியது, இறால் ரப்பராக இழுத்தால் அடுப்பில் கிடந்து காத்திருந்தது. மா விட்ட பிறகு துழாவும் கை ஓயக்கூடாது. அடுப்படியை விட்டு அசையவேயில்லை என்று ஒருவர் எத்தனை கோயிலில் சத்தியம் செய்தாலும், அகப்பையில் அடிக்கருகல் ஏறி வந்தால் அவர் சொன்னது பொய்.