கர்ணனுக்கு வயதாகிவிட்டது

கலைஞனுக்கு வயதாவதை ரசிகன் லேசில் மன்னிப்பதில்லை. தனக்கு வயதாவதைக்கூட மன்னித்துவிடுவான். தலை நரைக்கிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மூக்குக் கண்ணாடி இல்லாமல் பத்திரிகை படிக்க முடியவில்லை. இதெல்லாம் இயற்கை என்று ஏற்றுக்கொள்கிறான். ஆனால் தன்னுடைய இருபதாவது வயதில் எந்தக் குரலைக் கேட்டு மயங்கி நின்றானோ, அந்தக் குரல் மட்டும் இருபதிலேயே நின்றுவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறான். டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் உட்காருகிறவன் ஒரு கச்சேரியைக் கேட்கப் போகவில்லை. தன் பழைய இரவு ஒன்றைத் திருப்பி வாங்கி வரப் போகிறான்.

இந்த ரசிகர்களில் இரண்டு ஜாதி உண்டு. "முன்னே மாதிரி இல்லை ஸார்" என்று உதட்டைப் பிதுக்குகிறவர் ஒருவர். "இந்த வயதில் இவ்வளவாவது செய்கிறாரே!" என்று கண்கலங்கிக் கைதட்டுகிறவர் மற்றொருவர். முதல்வரைக் கொடுமைக்காரர் என்றும் இரண்டாமவரைத் தயாளர் என்றும் நாம் நினைக்கிறோம். எனக்கு என்னவோ முதல்வரிடந்தான் மரியாதை அதிகம். அவராவது கலையைப் பற்றி ஓர் அபிப்பிராயம் சொல்கிறார். இரண்டாமவர் கலைஞனுடைய ஜாதகத்தைப் பார்த்துக் கைதட்டுகிறார். மேடையில் நிற்பவனுக்குப் பிச்சை போடுவதற்கும் அந்தக் கைதட்டலுக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

மேல்நாட்டிலும் இந்தச் சங்கடம் இருக்கிறது. 'ராக்' சங்கீதம் வாலிபர்களின் சங்கீதம் என்று பெயர் வாங்கியது. 1962ல் லண்டனில் தொடங்கிய ரோலிங் ஸ்டோன்ஸ் கோஷ்டி 2003 ஏப்ரலில் பெங்களூருக்கும் மும்பைக்கும் வந்து பாடியபோது, பாடகர் மிக் ஜாகருக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. 2024ல் அதே கோஷ்டி அமெரிக்காவில் ஊர் ஊராகப் பாடிக்கொண்டு போனபோது அவருக்கு எண்பது. அந்தப் பிரயாணத்துக்குப் புரவலராக இருந்தது முதியோர் நலனுக்கான ஒரு சங்கம்! கேலி செய்கிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் கேலிக்குப் பின்னால் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. ஆரம்பகாலத் தோழர்களில் ஒருவரான பிரையன் ஜோன்ஸ் 1969லேயே இறந்துபோனார். 1963லிருந்து முரசு வாசித்த சார்லி வாட்ஸ் 2021ல் மறைந்தார். ஆட்கள் போய்க்கொண்டே இருக்க, கோஷ்டி மட்டும் இருக்கிறது. அப்படியானால் ரசிகன் எதைப் பார்க்கப் போகிறான்? ஆளையா, பெயரையா, பாட்டையா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட லண்டனுக்குப் போக வேண்டியதில்லை. திருவண்ணாமலை ஜில்லாவுக்குப் போனால் போதும். அங்கே கோஷ்டியை 'ஜமா' என்பார்கள். தெருக்கூத்து ஆடுகிற ஜமா. மத்தளம், முகவீணை, ஆர்மோனியம், கைத்தாளம் இவற்றோடு, கட்டை என்று சொல்லும் மரக் கிரீடங்களும் புஜ அணிகளும் பெட்டியில் ஏற, ஊர் ஊராகப் போகிறவர்கள். செய்யாற்று வட்டாரத்தில் உள்ள புரிசைக் கிராமத்தில் ஒரே குடும்பம் ஐந்து தலைமுறையாக இந்தக் கூத்தை ஆடி வருகிறது. 1977ல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி, புரிசையாரின் ஆட்டத்தைப் பார்த்து எழுதியும் பேசியும் நகரத்தாரின் கண்ணைத் திறந்தார். கண்ணப்பத் தம்பிரான் 2003ல் மறைந்தார். அவர் குமாரர் கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது. புரிசைக் கூத்து என்ற பெயர் மாறவில்லை. யாரும் அதைப் பழைய பெயரில் நடக்கிற புதுக் கடை என்று சொல்வதும் இல்லை.

நான் பார்த்து வந்தது புரிசை ஜமா அல்ல. அதே ஜில்லாவில் அவ்வளவாகப் பெயர் பரவாத வேறொரு ஜமா. அதன் வாத்தியாருக்கு எழுபது தாண்டிவிட்டது. முப்பது வருஷங்களுக்கு முன்னால் சமவெளியில் ஒரு திரௌபதி அம்மன் திருவிழாவில் அவருடைய கர்ணனைப் பார்த்தேன். அன்று முதல் அவருக்கு நான் அடிமை. ஜவ்வாது மலையில் ஒரு சிற்றூரில் அம்மன் திருவிழாவுக்கு அவர் 'கர்ண மோட்சம்' ஆடப்போகிறார் என்று கேள்விப்பட்டதும், போளூர் போய், அங்கிருந்து ஜமுனாமரத்தூர் பஸ் பிடித்து மலையேறினேன்.

அந்த மலைக்கு ஒரு ஜமா போவதில் விசேஷப் பொருத்தம் ஒன்று இருக்கிறது. பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டான மலைபடுகடாத்துக்குக் கூத்தராற்றுப்படை என்று இன்னொரு பெயர் உண்டு. பெருங்கௌசிகனார் பாடியது; 583 அடி. நன்னன் என்ற சிற்றரசனிடம் பரிசில் பெற்ற கூத்தன் ஒருவன், எதிரே வருகிற வேறொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். கூத்தர்கள் வாத்தியங்களைப் பையில் கட்டித் தோளில் சுமந்து வருகிறார்கள். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைக்காவல்காரன் எறியும் கவண்கல்லுக்கு எப்படித் தப்புவது, எந்த ஊரில் சோறு கிடைக்கும் என்றெல்லாம் விவரம் வருகிறது. நன்னனுடைய ஊர் செங்கண்மா, இன்றைய செங்கம். ஜவ்வாது மலையின் அடிவாரம். பாட்டில் வரும் சேயாறுதான் ஜவ்வாது மலையில் பிறந்து ஜில்லாவின் குறுக்கே ஓடும் செய்யாறு. ஆக, ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷமாக இந்தப் பக்கத்து மலைப்பாதைகளில் கூத்தர்கள் வாத்தியம் சுமந்துகொண்டு நடந்திருக்கிறார்கள். இன்று வேனில் போகிறார்கள். பன்றிப் பொறிக்குப் பதில் கொண்டை ஊசி வளைவுகள்.

இரவு பத்து மணிக்குமேல் களரி கட்டினார்கள். மத்தளமும் தாளமும் முகவீணையும் சேர்ந்து ஊரைக் கூப்பிட்டன. மலையாளி என்று பெயர் பெற்ற அந்த மலைக்குடி மக்கள் கம்பளியும் பாயுமாகக் குழந்தைகளோடு வந்து உட்கார்ந்தார்கள். என்னைப் போல் கீழேயிருந்து வந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர். சிலர் கையில் காமிரா. எல்லோர் கையிலும் செல்போன்.

முன்னிரவில் கர்ணனாக வந்தவன் இருபத்தைந்து வயது வாலிபன், வாத்தியாருடைய மாணாக்கன். திரைக்குப் பின்னால் அவன் குரல் எழுந்தபோதே கணீரென்று இருந்தது. திரை விலகியதும் கிறுக்கி அடித்துச் சுழன்ற சுழற்சியில் மண் பறந்தது. ஆனால் அவனிடம் ஒரு குறை. எல்லா அடிகளையும் ஒரே பலத்தோடு பாடினான். துரியோதனனிடம் பேசும் கர்ணனும் தன் பிறப்பை நினைக்கும் கர்ணனும் ஒரே ஆளாக இருந்தார்கள். மைக் வேறு அவனை இன்னும் உரக்கப் பாடச் சொல்லித் தூண்டியது.

நடுநிசிக்குமேல் பொன்னுருவி கட்டம். போருக்குப் போகுமுன் கர்ணன் மனைவியிடம் விடைபெற வருகிறான். தேரோட்டி மகன் என்று அவனை வெறுத்து ஒதுக்கிய மனைவி. இந்தக் கட்டத்துக்கு வாத்தியார் வந்தார். கீழேயிருந்து வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரு தடவை நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

உள்ளதைச் சொல்கிறேன். கிறுக்கி இல்லை, இரண்டு அடவு போட்டு நின்றுவிட்டார். மேல்ஸ்தாயியில் குரல் எட்டவில்லை. முப்பது வருஷத்துக்கு முன் ஒரே மூச்சில் பாடிய விருத்தத்தை மூன்றாகப் பிரித்துப் பாடினார். இரண்டாவது பாட்டில் ஓரடி மறந்தும் போயிற்று. இவற்றையெல்லாம் குறை என்று சொல்லாமல் விட்டால் அவருக்கு நான் செய்கிற துரோகம்.

ஆனால் அந்த விருத்தத்தின் மூன்று துண்டுகளுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கூத்தில் வேஷக்காரர் ஓரடி பாடினால் பின்பாட்டுக்காரர்கள் அதைத் திரும்பப் பாடுவது வழக்கம். வாலிபப் பருவத்தில் இந்தப் பின்பாட்டு அவருக்கு இடைஞ்சல்போல இருந்தது. அது முடியுமுன் அடுத்த அடிக்குத் தாவிவிடுவார். இப்போது அவர் அடியின் முதற்பாதியைத் தொடங்கிவிட்டு நிறுத்துகிறார். மீதியைப் பின்பாட்டு எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளியில் அவர் பொன்னுருவியைப் பார்க்கிறார். பார்ப்பதைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. சாகப் போகிறோம் என்று தெரிந்த ஒருவன், தன்னை என்றும் நேசிக்காத மனைவியை எப்படிப் பார்ப்பானோ, அப்படி. முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்தக் கட்டத்தில் நான் ஒரு பிரமாதமான பாட்டைக் கேட்டேன். அன்று இரவு கர்ணனைப் பார்த்தேன்.

மறுநாள் அவரிடம் தொண்டையைப் பற்றி விசாரித்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: "பாட்டு முழுக்க எங்கிட்டவா கீது சார்? பாதி பின்பாட்டுல கீது."

இதைவிடச் சுருக்கமாகக் கூத்தின் இலக்கணத்தை யாரும் சொல்ல முடியாது. தனி ஒருவன் தொண்டையை நம்பிக் கட்டப்பட்ட கலை அந்தத் தொண்டையோடு போய்விடும். கூத்து அப்படிக் கட்டப்படவில்லை. வேஷக்காரன் விட்ட இடத்தைப் பின்பாட்டு பிடிக்கும். பின்பாட்டு தளர்ந்தால் முகவீணை பிடிக்கும். எல்லோரும் தளர்ந்தால் கட்டியங்காரன் ஒரு ஹாஸ்யத்தைச் சொல்லி ஊரைச் சிரிக்கவைத்து அவகாசம் வாங்கித் தருவான். முதுமைக்கும் மறதிக்கும் இடம் ஒதுக்கியே இந்தக் கலையை நம் முன்னோர் வகுத்திருக்கிறார்கள். ஐந்து தலைமுறை தாங்கி நிற்கிற ரகசியம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வாத்தியாரின் கட்டம் முடிந்தது. போர்க்களத்துக் கர்ணனாகப் பழையபடி அந்த வாலிபன் வந்தான். அப்போது ஒரு காரியம் நடந்தது. கீழேயிருந்து வந்த ரசிகர்களில் பாதிப்பேர் எழுந்து, செல்போன் வெளிச்சத்தில் செருப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டார்கள். வந்த காரியம் முடிந்துவிட்டது அவர்களுக்கு. மலை ஜனங்களில் ஒருவர்கூட அசையவில்லை. சல்லியன் தேரைவிட்டு இறங்கிப் போனான். கர்ணன் தரையில் சாய்ந்தான். கண்ணன் அந்தணனாக வந்து அவன் புண்ணியத்தையெல்லாம் தானமாகக் கேட்டான். கிழக்கு வெளுக்கும்வரை கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கர்ணனைப் பார்க்க வந்தவர்கள். கர்ணன் இன்னும் செத்து முடியவில்லையே, எப்படி எழுந்து போவார்கள்? நகரத்து ரசிகர்கள் கர்ணன் வேஷக்காரரைப் பார்க்க வந்தவர்கள்.

இதைச் சொல்லிவிட்டு, மலை ஜனங்களே உத்தமர்கள், ரசிகர்கள் போலிகள் என்று முடித்துவிடுவது சுலபம். அது நியாயமல்ல. ரசிகனுக்கும் ஒரு வேலை உண்டு. அந்த விருத்தம் ஒரு காலத்தில் ஒரே மூச்சில் பாடப்பட்டது என்பதை அந்தக் கூட்டத்தில் என்னைப் போன்ற சிலர்தான் அறிவோம். கூத்துக்கு ஸ்வர எழுத்து கிடையாது. அன்றைய இரவுகளைப் பதிவு செய்தவர்களும் இல்லை. எது போயிற்று, எது புதிதாக வந்தது என்று அளந்து சொல்லும் படிக்கல் ரசிகனுடைய ஞாபகம் ஒன்றுதான். அந்தப் படிக்கல்லை அவன் கலைஞனின் தலையில் போடுவதற்கு உபயோகிக்கிறானா, தராசில் வைக்க உபயோகிக்கிறானா என்பதே கேள்வி.

புரிசை ஜமா காப்ரியேல் கார்சியா மார்க்வெஸின் கதை ஒன்றைக் கூத்தாக்கி ஆடியிருக்கிறது. பெரிய சிறகுகளுடைய கிழவன் ஒருவன் ஓர் ஏழையின் முற்றத்தில் வந்து விழுகிறான். அவனைக் கோழிக்கூண்டில் அடைத்துக் காசு வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள். கூட்டம் அலைமோதுகிறது. பிறகு வேறொரு விநோதம் ஊருக்கு வந்ததும் கூட்டம் அங்கே போய்விடுகிறது. கிழவனிடம் அற்புதம் எதிர்பார்த்தவர்கள் உண்டு. அவன் யார் என்று அறிய முயன்றவர்கள் குறைவு. கூத்தாடிகள் இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

இப்போதெல்லாம் சபாக்களில் ஒரு மணி நேரக் கூத்து நடக்கிறது. மூத்த கலைஞர் வந்து பிரபலமான ஒரு கட்டத்தை ஆடுகிறார், பொன்னாடை போர்த்துகிறார்கள், எல்லோரும் ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறார்கள். இதனால் கலைஞருக்கு நாலு காசு வருமானால் வரட்டும். அதை நான் தடுக்கமாட்டேன். ஆனால் அங்கே அந்த வாலிபக் கர்ணனுக்கு இடம் எது? எட்டு மணி நேர இரவில் ஏழு மணி நேரம் ஆடி ஆடித்தான் அவன் ஒரு நாள் பொன்னுருவியைப் பார்க்கக் கற்றுக்கொள்வான். அந்த ஏழு மணி நேரத்தை நாம் வெட்டிவிட்டால், இன்றைய கிழவருக்கு மாலை போட்ட கையாலேயே நாளைய கிழவரை இல்லாமற் செய்தவர்கள் ஆவோம்.

ஆகவே, உங்களுக்குப் பிரியமான முதிய கலைஞர் யாராயிருந்தாலும், கூத்தாடியோ, சங்கீத வித்வானோ, கிதார் வாசிக்கும் வெள்ளைக்காரரோ, அவசியம் நேரில் போய்ப் பாருங்கள். குறையிருந்தால் குறையென்று சொல்லுங்கள், வயதுக்காகக் கைதட்டாதீர்கள். அவர் மேடையை விட்டு இறங்கிய பிறகு, அடுத்து வருகிறவன் முகத்தையும் கொஞ்ச நேரம் இருந்து பாருங்கள். முப்பது வருஷம் கழித்து, "முன்னே மாதிரி இல்லை" என்று சொல்வதற்கும் ஒருவன் வேண்டுமே!