வெள்ளாடை வசந்தம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்குப் பகுதியில், மாதக்கணக்காக மூடிக் கிடந்த பனி உருகி, மேப்பிள் மரங்கள் செந்தளிர் விட்டு, மாணவியர் கம்பளி அங்கிகளைக் கழற்றிவைத்துவிட்டுப் புல்வெளியில் வந்து உட்காரத் தொடங்கும் ஏப்ரல் மாத நடுவிலிருந்து மே மாதக் கடைசி வரைக்கும், அங்குள்ள பழைய பெண்கள் கலாசாலைகளில் பரீட்சையும் உற்சவமும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேருகின்றன. வெல்லஸ்லியில் பட்டதாரி அங்கி தரித்த பெண்கள் மரவளையம் உருட்டி ஓடுகிறார்கள். பிரின் மாரில் விடியற்காலையில் கீதம் பாடி எழுந்து, வெள்ளாடையில் மேதினக் கம்பத்தைச் சுற்றி ஆடுகிறார்கள். மவுண்ட் ஹோலியோக்கில் பட்டமளிப்புக்கு முதல் நாள் லாரல் இலை மாலையைத் தோளில் தாங்கி, ஸ்தாபகர் மேரி லயனின் சமாதிக்கு ஊர்வலம் போகிறார்கள். இவற்றைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவோரும் உண்டு. பெண் கல்வியின் ஆத்மாவே இவற்றில்தான் குடியிருக்கிறது என்று போற்றுவோரும் உண்டு. இரு சாராரும் விழாவின் அலங்காரத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொல்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். ஒரு விழா யாருடைய கண்ணுக்காக நடக்கிறது, அதை மாற்றி அமைக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்ட பிறகுதான் அதன் குணமும் தோஷமும் தனித்தனியே தெரியவரும்.

இந்தக் கலாசாலைகள் எந்தச் சூழ்நிலையில் பிறந்தன என்பதை மறந்து இவற்றை எடை போடுவது நியாயமாகாது. ஹார்வர்ட் 1636 இல் தோன்றியது. யேல் 1701 இல். அங்கே சேர்ந்த ஆண்பிள்ளைக்குப் பாட்டனும் முப்பாட்டனும் விட்டுச்சென்ற பாடல்களும் பந்தயங்களும் குறும்புகளும் வாசலிலேயே காத்திருந்தன. மவுண்ட் ஹோலியோக் 1837 இல் ஆரம்பமாயிற்று. வாஸர் 1865 இல் கதவைத் திறந்தது. வெல்லஸ்லியும் ஸ்மித்தும் 1875 இல். பிரின் மார் 1885 இல். இவற்றில் முதன்முதல் காலடி வைத்த பெண்ணுக்குக் கலாசாலையில் படித்த பாட்டி ஒருத்தியும் கிடையாது. போதாக்குறைக்கு, 1873 இல் பாஸ்டன் நகரத்து வைத்தியர் எட்வர்ட் கிளார்க் ஒரு நூல் எழுதி, ஆண்களைப் போல உயர்கல்வி கற்கும் பெண்ணின் தேகம் கெட்டுப்போகும், பிள்ளை பெறும் சக்தி குன்றும் என்று வாதித்தார். அந்தப் புஸ்தகம் பல பதிப்புகள் கண்டது. மகளைப் படிக்க அனுப்பலாமா என்று தயங்கிய தகப்பன்மார் பலருக்கும் அது சௌகரியமான சாக்காயிற்று. இந்தப் பின்னணியில்தான், திறந்த வெளியில் ஓடுவதும் ஆடுவதும், தங்களுக்கென்று ஒரு பரம்பரையைத் தாங்களே சிருஷ்டித்துக்கொள்வதும் அந்தப் பெண்களுக்கு அவசியமாயின. வைத்தியருக்கு எழுத்தில் பதில் சொன்ன மாதர் உண்டு. வசந்தகாலத்துப் புல்வெளியில் மூச்சிரைக்க ஓடிய பெண்கள் சொன்னதும் ஒரு பதில்தான்.

வெல்லஸ்லியின் வளைய ஓட்டம் 1895 முதல் நடந்து வருவதாகச் சொல்கிறார்கள். நம் ஊர்ச் சிறுவர்கள் பழைய டயரைக் குச்சியால் தட்டித் தெருவில் ஓட்டிப்போவது போன்ற விளையாட்டுத்தான். ஆனால் ஓடுகிறவர்கள் நாலாம் ஆண்டு மாணவியர், உடுத்தியிருப்பது கணுக்கால் வரை புரளும் கறுப்புப் பட்டதாரி அங்கி. ஒரு கையால் அங்கியை முழங்காலுக்கு மேல் அள்ளிப் பிடித்துக்கொண்டு, மறு கையிலுள்ள குச்சியால் வளையத்தை விழாமல் தட்டித் தட்டி, அக்கம்பக்கத்தாரின் முழங்கை இடிக்கக் கூட்டத்தோடு கூட்டமாக ஓடவேண்டும். வேகம் மிகுந்தால் வளையம் கைக்கு எட்டாமல் போய்விடும், குறைந்தால் சாய்ந்துவிடும். வளையத்தில் நாடா சுற்றி அலங்கரிப்பதுண்டு; அது பட்டம் பெற்றுப் போகும் அக்காவிடமிருந்து அடுத்த தங்கைக்குக் கைமாறி வருவது. அக்காவுக்கு முன்வரிசையில் இடம் பிடித்துவைப்பதற்காக முந்தின இரவே தங்கைமார் போர்வையோடு வந்து ஓட்டப் பாதையில் படுத்துக்கொள்வார்கள். எந்த நிர்வாக உத்தரவும் இல்லாமல் இரவெல்லாம் குளிரில் கிடக்கும் அந்தப் பெண்ணின் பிரியத்தை எந்தத் திறனாய்வாளனும் அற்பமென்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் ஜயித்தவளுக்குச் சொல்லப்பட்ட பலன் என்ன? வகுப்பிலேயே முதலில் கல்யாணம் ஆகப்போகிறவள் அவள்தான் என்பது பழைய வாக்கு. கிரேக்க மொழியும் வானசாஸ்திரமும் நாலு வருஷம் கற்ற பெண்ணுக்கு, கலாசாலையை விட்டுப் புறப்படும் தறுவாயில், மாப்பிள்ளை சீக்கிரம் வருவான் என்று குறி சொன்னார்கள். அது வெளியுலகம் திணித்த எதிர்பார்ப்பு என்றாலும், அதை அவர்களே தங்கள் விழாவுக்குள் அழைத்து ஆசனம் கொடுத்தார்கள் என்பதை மறைக்கலாகாது. 1980களில் அந்த வாக்கு மாறி, பெரிய கம்பெனி ஒன்றின் தலைமைப் பதவிக்கு முதலில் வரப்போகிறவள் என்றாயிற்று. இதை முன்னேற்றமென்று கொண்டாடியவர்கள் பலர். எனக்கோ, புருஷனுக்குப் பதிலாகப் பதவி வந்து உட்கார்ந்ததே தவிர, பெண்ணின் வாழ்வுக்கு இன்னொருவர் அளவுகோல் பிடிக்கும் தோஷம் நீங்கவில்லை என்றே படுகிறது. பிறகு அதையும் விட்டுவிட்டு, ஜயம், ஆனந்தம் என்பவற்றுக்கு அவளவள் என்ன பொருள் கொள்கிறாளோ அதை முதலில் அடைவாள் என்று வைத்துக்கொண்டார்கள். ஒரு நூற்றாண்டுக் காலத்தில் பந்தயத்தின் பலன் இப்படி இருமுறை மாறியது. வளையமும் குச்சியும் மாறவில்லை. வென்றவளைத் தோழியர் தூக்கி வாபன் ஏரியில் எறிகிறார்கள். 1939 இல் ஹார்வர்ட் மாணவர் ஒருவர் பெண் வேஷத்தில் நுழைந்து முதலில் ஓடிவந்ததாகவும், வேஷம் கலைந்ததும் அவரை ஏரியில் தள்ளியதாகவும் கலாசாலையில் கதை சொல்வார்கள். உருவம் நிலைத்திருக்க உள்ளே வைக்கும் அர்த்தத்தைத் தலைமுறைக்குத் தலைமுறை மாணவியரே திருத்திக்கொள்ள முடிகிறது என்பதுதான் இந்தச் சம்பிரதாயத்தின் தலையாய பலம்.

பிரின் மாரின் மேதின விழா இதனினும் சிக்கலான விஷயம். 1900 இல், மாணவியருக்கென ஒரு கட்டடம் எழுப்பப் பொருள் சேர்ப்பதற்காக, எலிசபெத் ராணி காலத்து இங்கிலாந்தின் கிராமத் திருவிழாவை அப்படியே புல்வெளியில் நடத்திக் காட்டினார்கள். ராபின் ஹுட் முதலான நாடகங்கள், ஊர்வலம், கம்பத்தைச் சுற்றிய ஆட்டம் என்று விரிந்த அந்தப் பெருவிழா, பின்னர் ஏறத்தாழ நாலாண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கில், யுத்தகால இடைவெளி போக, 1936 வரை நடந்தது. ஆண் வேஷமும் பெண்களே கட்டினார்கள். ஹாலிவுட்டில் பின்னாளில் பெரும்புகழ் பெற்ற காதரின் ஹெப்பர்ன் 1928 இல், தாம் பட்டம் பெற்ற ஆண்டிலேயே, இந்த மேதினத்தில் ஜான் லிலியின் நாடகமொன்றில் நடித்தார். நாடகத்தை ஏற்பாடு செய்வதும், உடைகளைத் தைப்பதும், வந்த ஜனத்திரளுக்கு இடம் ஒதுக்குவதும், வரவுசெலவுக் கணக்கு எழுதுவதுமாக அந்தப் பெண்கள் பெற்ற பயிற்சி, அன்றைய வீடுகளிலோ மற்றக் கலாசாலைகளிலோ அவர்களுக்கு எளிதில் கிடைத்திருக்காது.

கம்பத்து ஆட்டத்தைக் கிட்டத்தில் நின்று பார்த்தால் அதன் கஷ்டம் புரியும். உயர்ந்த கம்பத்தின் உச்சியிலிருந்து பல நிற நாடாக்கள் தொங்குகின்றன. நாடாவுக்கு ஒருத்தி வீதம் வட்டமாக நின்று, பாதிப் பேர் வலமாகவும் பாதிப் பேர் இடமாகவும் புறப்பட்டு, எதிரே வருகிறவளின் நாடாவுக்கு ஒருமுறை மேலும் அடுத்தவளின் நாடாவுக்குக் கீழுமாக மாறிமாறிப் புகுந்து போகிறார்கள். கம்பத்தின் மேல் பாயின் முடைசல் போல ஒரு நெசவு கீழிறங்கி வருகிறது. ஒருத்தி முறை தவறினால் போதும், அந்தச் சுற்று முழுவதும் கோணிக்கொள்ளும். தவறு யாருடையது என்று கேட்க நேரமின்றி எல்லாருமாகச் சேர்ந்துதான் அதைச் சமாளிக்கவேண்டும்.

இவ்வளவு அழகிய வித்தையைக் கற்பிக்க எலிசபெத் காலத்து இங்கிலாந்து ஏன் தேவைப்பட்டது என்று கேட்பது தகும். பிரின் மாரை நிறுவியவர்கள் குவேக்கர் மரபினர்; ஆடம்பரக் கேளிக்கையில் நாட்டமில்லாத சமூகத்தார். மாசசூசெட்ஸிலோ, 1628 இல் மெர்ரிமவுண்ட் என்ற இடத்தில் நட்டிருந்த மேதினக் கம்பத்தைப் பியூரிட்டன் தலைவர் என்டிகாட் வெட்டிச் சாய்த்தார். ஆகவே பிரின் மார் இருக்கும் பென்சில்வேனியாவின் புல்வெளியில் அந்தக் கம்பம் பாட்டன் வீட்டுச் சொத்தாக வந்து சேரவில்லை. நூலகத்திலிருந்து எடுத்து நட்டார்கள். பரம்பரை இல்லாதவர்கள் ஒன்றைத் தேடிக்கொள்வதில் குற்றமில்லை. ஆனால் தேடிக்கொண்ட பரம்பரை ஆங்கிலேய வம்சத்தாருடையதாக மட்டுமே இருந்தபோது, அந்த வம்சத்தில் பிறவாத பெண் அதில் எங்கே நிற்பாள் என்ற கேள்வியை அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

கேட்டுக்கொள்ள வேண்டிய நிலை அக்காலத்திலேயே ஏற்பட்டிருந்தது. 1894 முதல் 1922 வரை பிரின் மாரின் தலைவராக இருந்த எம். கேரி தாமஸ், பெண்களின் அறிவு ஆண்களின் அறிவுக்கு ஒரு குன்றிமணியும் குறைந்ததன்று என்று வாழ்நாளெல்லாம் போராடியவர். அவரே கறுப்பினப் பெண்களுக்குக் கதவை அடைத்தவர். பிலடெல்பியாவில் பள்ளிப்படிப்பை முடித்த ஜெஸ்ஸி ஃபாஸெட், பிரின் மாரில் இடமின்றிக் கார்னெலுக்குப் போகவேண்டியிருந்தது. பிற்காலத்தில் அவர் கறுப்பின இலக்கிய மறுமலர்ச்சியின் முக்கிய நாவலாசிரியரானார். பிரின் மாரில் முதன்முதல் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண் ஈனிட் குக், ஆண்டு 1931. அவரைச் சேர்த்துக்கொண்டவர்கள் விடுதியில் தங்க அனுமதிக்கவில்லை. மேதினமோ விடுதியில் தொடங்கும் விழா: விடியுமுன் ஒருவரை ஒருவர் எழுப்புவதும், பாடிக்கொண்டு படியிறங்குவதும், சேர்ந்து உட்கார்ந்து காலை ஆகாரம் உண்பதுமே அதன் உயிர். வெளியே வாசம் செய்யும்படி விதிக்கப்பட்டவளுக்கு அந்த விடியற்காலை எட்டாது. சகோதரித்துவம் என்று பாடிய கீதம் யாரை வாசலுக்கு வெளியே நிறுத்தியது என்பதை இந்த ஒரு விஷயமே காட்டிவிடுகிறது. 2018 இல் தாமஸின் பெயரை நூலகக் கட்டடத்தின் வழக்கிலிருந்து விலக்கத் தீர்மானித்தார்கள். காலம் கடந்து வந்தாலும் சரியான தீர்மானம்.

அதே வசந்தத்தில், அதே வெள்ளாடையில், அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கலாசாலையிலும் விழா உண்டு. 1881 ஏப்ரல் 11 ஆம் தேதி, ஒரு தேவாலயத்தின் நிலவறையில் பதினொரு மாணவியருடன் ஆரம்பித்த பள்ளி அது. அவர்களில் பெரும்பாலோர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள். ஸ்தாபக தினத்தில் மாணவியர் வெண்ணிறம் உடுத்துகிறார்கள்; மே மாதத்தில் பட்டம் பெறுகிறவர்கள், பழைய மாணவியரின் வரிசையோடு, வெண்ணிறத்திலேயே ஒரு வளைவு வாயிலைக் கடந்து போகிறார்கள். பிரின் மாரின் வெள்ளாடை பழைய இங்கிலாந்தைப் பார்த்து உடுத்தியது. ஸ்பெல்மனின் வெள்ளாடையோ, பெண்ணென்ற மரியாதையே மறுக்கப்பட்டவர்களின் பேத்திமார், அந்த மரியாதையைத் தமக்குத் தாமே செய்துகொண்ட கோலம். எனக்கு இரண்டாவதன்மேல்தான் மதிப்பு அதிகம்.

வாஸரின் டெய்ஸிமலர் மாலையைப் பற்றி நீண்டு பேச அவசியமில்லை. நூற்றைம்பது அடி நீளமுள்ள அந்த மாலையைச் சுமக்கும் இரண்டாம் ஆண்டு மாணவியரை வெகுகாலம் அழகு பார்த்தே பொறுக்கினார்கள். தாவரசாஸ்திர மாணவியையும் சரித்திர மாணவியையும் முகவெட்டுக் கொண்டு தரம் பிரித்த வழக்கத்துக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. தலைமைப் பண்பும் ஊக்கமும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதாகப் பின்னாளில் மாற்றிக்கொண்டார்கள். நியூயார்க்கின் பார்னார்டில் 1903 இல் தொடங்கிய கிரேக்க விளையாட்டுகள் இந்த விஷயத்தில் மேலானவை. முதலாண்டுக்காரரும் இரண்டாமாண்டுக்காரரும் கவிதை, இசை, நடனம், உடை, தேரோட்டம் என்று போட்டியிட்ட அந்த விழாவில் பரிசு பெற்றது அவர்கள் படைத்ததும் சாதித்ததுமே. 1968 வசந்தத்தில் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் கிளர்ச்சியோடு அது நின்றுபோயிற்று. யுத்தமும் நிறபேதமும் கொதித்துக்கொண்டிருந்த வேளையில் தேரோட்டம் ஓட மனம் வராத அந்தப் பெண்களை நான் குறை சொல்லமாட்டேன்.

பார்வையாளராக நிற்பதிலும் பெருமை உண்டு என்பதற்கு வெல்லஸ்லியே மறுபடியும் சாட்சி. ஏப்ரல் மூன்றாம் திங்கட்கிழமை நடக்கும் பாஸ்டன் மாரத்தான் பந்தயம் ஏறத்தாழப் பாதி தூரத்தில் அந்தக் கலாசாலை வாசலைக் கடக்கிறது. வேலியோரத்தில் நிற்கும் மாணவியரின் ஆரவாரம் வெகுதூரத்திலிருந்தே ஓட்டக்காரர்களின் காதில் விழுமாம். முத்தம் கேட்டு அட்டை பிடிக்கும் வழக்கமும் அங்கே வளர்ந்தது. ஆயிரக்கணக்கான அந்நிய ஆண்களுக்கு முன்னால் அதை விளையாட்டென்று கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் 1966 இல் நடந்ததை எண்ணும்போது அந்த ஆரவாரத்தின் உயரம் தெரிகிறது. பெண்களுக்கு அனுமதியில்லாத அந்தப் பந்தயத்தில், புதர் மறைவிலிருந்து புறப்பட்டு, மார்பில் இலக்கமில்லாமல் பாபி கிப் ஓடிவந்தார். ஒரு பெண் ஓடுகிறாள் என்று கண்டுகொண்ட மாணவியர் எழுப்பிய கூக்குரலை அவர் பின்னாளில் நெகிழ்ந்து நினைவுகூர்ந்தார். பெண்கள் முறைப்படி ஓடலாமென்று ஏற்பாட்டாளர்கள் ஒப்புக்கொண்டது 1972 இல்தான்.

பிரின் மாரில் சிறிய மேதினம் இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. 1980களில் மாணவியர், ஆணின் சின்னமென்று தமக்குத் தோன்றிய கம்பத்துக்கு எதிரே, பெண்ணியக் கொள்கை பற்றி மற்றொரு வட்ட ஆட்டத்தைச் சேர்த்தார்கள். இரண்டும் ஒரே புல்வெளியில் ஒரே நாளில் நடக்கின்றன, ஒன்றை ஒன்று துரத்தவில்லை. 1936 இல் நின்ற பெருவிழாவின் பழைய புகைப்படங்களைப் பார்த்துவிட்டு, அதை மறுபடி நடத்தினால் என்னவென்று ஆசைப்படுவது இயல்பே. எனக்கு அது சம்மதமில்லை. திரண்டு வந்த ஜனங்களுக்காக மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து, படிப்பைப் பின்னுக்குத் தள்ளி, பொருள் சேர்த்த விழாவில், மாணவியர் வேடிக்கைப் பொருளாகவே நின்றார்கள். சீட்டு வாங்கி வந்து உட்கார்ந்தவர்களுக்குப் பிடித்ததே விழாவின் சட்டமாயிற்று. வகுப்புகள் முடிந்த ஞாயிற்றுக்கிழமையில், பார்க்க எவரும் வராவிட்டாலும் நடக்கக்கூடிய சிறிய மேதினத்தில், நாடா கோணிக்கொண்டால் அதைப் பிரித்து மறுபடி ஆடிப் பார்க்க அவர்களுக்கு அவகாசமிருக்கிறது. வெள்ளாடை வாங்க வசதியற்ற மாணவிக்கும் வெளியே தங்கிப் படிக்கும் மாணவிக்கும் அந்த விடியற்காலையில் இடம் செய்து கொடுக்கும் பொறுப்பும் அவர்களுடையதே. அதற்கு நிர்வாகத்தின் உத்தரவு தேவையில்லை.